ஊமை ரூம்

ஏசி ஓடவில்லை. அன்பரசி தன் கையாலேயே சுவிட்சை அணைத்துவிட்டு வந்திருந்தாள். அப்படியும், காற்றுத்துளையின் கம்பியில் அவள் ஒட்டிவைத்திருந்த டிஷ்யூ காகிதத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

ஆடியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புதுக் கட்டடம், எங்கேயாவது ஒரு சந்து வழியாகக் காற்று வரும், போகும். ஆனால் இது ஆடிய தினுசு சரியில்லை. துண்டு மெதுவாக எழும்பி, அறைப்பக்கம் நீண்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு துவண்டு போய்க் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி எழும்பியது. நின்றது. ஒட்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டே நின்ற அன்பரசி, தன் மூச்சும் அந்தக் காகிதத்தோடு சேர்ந்து போய்வருவதைக் கவனித்ததும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அறைக்கு வரைபடத்தில் ஒரு நம்பர் மட்டும்தான். சைட்டில் எல்லாரும் அதை ஊமை ரூம் என்றார்கள். அரசாங்கத்தின் ரகசியக் கோப்புகளை வைக்கவும், அவற்றைப் பற்றி நாலு பேர் உட்கார்ந்து பேசவும் கட்டிய அறை. சன்னல் கிடையாது. செங்கல் சுவர், அதற்குள் பஞ்சு மெத்தை போல அடைத்த கிளாஸ் வுல், அதன்மேல் இரும்புத் தகடு, தகடும் தகடும் சேரும் இடமெல்லாம் பொடி ஊசி நுழையாதபடி வெல்டிங். தரையும் அப்படியே, கூரையும் அப்படியே. காற்று வரும் குழாயைக்கூட நாலு மடிப்பு மடித்து, சத்தம் வழியிலேயே செத்துப்போகும்படி செய்திருந்தாள். செல்போனை வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க முடியும். உள்ளே ஒருவன் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஈ பறக்கும் சத்தம்கூட வரக்கூடாது. சைட் இன்ஜினியரான அவளுக்குக் கொடுத்த வேலை அதுதான். அதை அவள் நன்றாகவே செய்திருந்தாள், பாவி.

பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே, சித்தேரி மலை கண்ணுக்கு எட்டுகிற பொட்டல் காடு அது. வேலை நடந்த விதமும் ஊமை வேலைதான். முழு வரைபடம் யார் கையிலும் கிடையாது. அஸ்திவாரம் போட்டவனுக்கு மேலே என்ன வரப்போகிறது என்று தெரியாது. கரண்ட் வேலைக்காரனுக்கு அவன் ஒயர் மட்டும் தெரியும். அன்பரசி சுவரும் தரையும் போட வந்தபோது கீழே என்ன இருக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கேட்கவும் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அதனால்தான் அந்தக் குழாயைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறையின் மூலையில், முழங்கால் உயரத்துக்கு ஒரு பழைய இரும்புக் குழாய் தரையிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றது. வாயில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"அது கெணத்து மூச்சுங்க மேடம்" என்றார் தீர்த்தன். சித்தேரி மலைக்காரர், அஸ்திவாரக் காலத்திலிருந்தே இருக்கிற கொத்தனார். "இங்க பெரிய கெணறு ஒண்ணு இருந்துச்சுங்க. ஜேசிபி வச்சு மூடிட்டாங்க. மூடுனா கொழா வுட்டுத்தான மூடணும்? நான்தான் நட்டு வச்சேன்."

இது அன்பரசிக்குத் தெரியாத சமாச்சாரம் அல்ல. அவளே கடத்தூர்க்காரி. அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டகை மூலையில் அப்படி ஒரு குழாய் இன்றைக்கும் நிற்கிறது. யாரும் அதைப் பிடுங்கியதில்லை, ஏன் என்று கேட்டதும் இல்லை. ஆனால் ஊமை ரூமின் சட்டம் வேறு. தரையைத் துளைத்து வரும் எதுவாக இருந்தாலும் எழுதிக் காட்ட வேண்டும். எழுதினால் கிணறு தெரியும். கீழே குழி இருக்கும் இடத்தில் ரகசிய அறை கட்ட முடியாது, மொத்தத்தையும் இடித்து வேறு இடம் பார்ப்பார்கள். வேறு மாவட்டத்துக்கே தூக்கிக்கொண்டு போனாலும் போவார்கள்.

போனால் போகட்டும் என்று அவளால் இருக்க முடியவில்லை. காரணம், யுவராணி. அன்பரசியின் கணவனுடைய தங்கை. வருஷக்கணக்கில் கவர்மென்ட் பரீட்சைக்குப் படித்து, தோற்று, மறுபடி படித்து, சொந்தக்காரர்களின் வாயில் விழுந்து எழுந்து, கடைசியில் கிடைத்த வேலை இந்த அறைக்குப் பொறுப்பாளர். அறை இங்கே இல்லையென்றால் அந்த வேலையும் அவளுக்கு இல்லை. ஆர்டர் வந்த அன்று அந்தப் பெண் அன்பரசியைக் கட்டிப்பிடித்து அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

ஆக, ஒரு முழுக் கிணற்றைத் தகட்டுக்கடியில் மறைத்துவிட்டாள். சோற்றில் பூசணிக்காய் எம்மாத்திரம்! கிரைண்டர் வைத்துக் குழாயை அறுத்தாள். கான்கிரீட் ஊற்றச் சொன்னபோது தீர்த்தன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"நான் ஊத்தமாட்டேங்க. கோவிச்சுக்காதீங்க."

அவர் வெளியே போய்விட்டார். அவளே குனிந்து உட்கார்ந்து ஊற்றினாள். "யாருக்கும் தெரிய வேண்டாம், யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினாள். மேலே தகடு, அதன்மேல் கார்ப்பெட். முடிந்தது.

முடிந்ததென்றுதான் இன்றைக்குக் காலை வரை நினைத்திருந்தாள்.

இப்போது காகிதம் எழும்பியது, நின்றது, ஒட்டிக்கொண்டது. வெளியே பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளே பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை, கூரையில் வெள்ளை விளக்கு மட்டும். புது பெயின்ட் வாசனையும் கார்ப்பெட் பசை வாசனையும் அடங்கிப்போய், அவற்றுக்கடியிலிருந்து வேறொன்று வந்தது. பாசி பிடித்த படிக்கல் வாசனை. வெகுநாள் வெயில் படாத தண்ணீரின் வாசனை. ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதி பறக்கிற இந்த மண்ணில் தண்ணீருக்கு எங்கே போவது?

மூலைக்குப் போனாள். கார்ப்பெட்டில் ஒரு வட்டம் மட்டும் கறுத்திருந்தது. தொட்டால் ஈரம் இல்லை. குளிர்ச்சி. ஐஸ் பெட்டியில் கை வைத்தாற்போல விரல் நுனி விறைத்தது. மண்டியிட்டாள். வேண்டாம், எழுந்திரு, எழுந்து வெளியே போ என்று மனம் அடித்துக்கொண்டது. கேட்காமல் காதைத் தரையோடு வைத்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. அவள் காதுக்குள்ளேயே ரத்தம் ஓடுகிற சத்தம்தான். பிறகு, வெகு கீழே, யாரோ தூங்குகிறவர் போல நீளமாக ஒரு மூச்சு. அந்த மூச்சின் முடிவில், ஒரு பெண் குரல், மெல்ல.

"யாருக்கும் தெரிய வேண்டாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவள் குரல். அன்று ஊற்றும்போது முணுமுணுத்த அதே அவசரம், அதே இடத்தில் எச்சில் விழுங்கிய அதே சத்தம்.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. காம்பவுண்ட் சுவரோரம், புளியமர நிழலில் தீர்த்தன் சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே மண்வெட்டியை நிறுத்திவிட்டார்.

"கேட்டுச்சுங்களா?" என்றார்.

"என்னங்கண்ணா அது?"

"அது என்னன்னு எங்க பெரியவங்களுக்கே தெரியாதுங்க. மூச்சு இருக்கறத மூடக்கூடாது, அவ்ளோதான் எங்களுக்குத் தெரியும். வழி வுட்டா அதுபாட்டுக்குக் கெடக்கும். அடைச்சீங்கன்னா, இழுக்கற மூச்ச வேற எங்கனாச்சும் இழுத்துக்கும்."

"எங்கருந்து?"

தீர்த்தன் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"இப்பவே போயி தொளை போட்டுடலாங்க. டிரில்லு எடுத்துட்டு வரட்டுமா?" என்றார்.

எடுத்துவரச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கேட்டுக்கு வெளியே ஜீப் ஹாரன் கேட்டது.

பாதுகாப்புச் சோதனைக்காகச் சென்னையிலிருந்து வந்த அதிகாரி மாதவராஜ் இறங்கினார். இஸ்திரி கலையாத சட்டை, சிரிக்காத முகம். பின்சீட்டிலிருந்து யுவராணி குதித்து இறங்கினாள். புதுச் சுடிதார், கழுத்தில் புது அடையாள அட்டை. முகமெல்லாம் பல்.

"அண்ணி! சார்தான் ரோட்ல பாத்து ஏத்திக்கிட்டு வந்தாரு. என்னண்ணி, இப்பிடி வேர்த்து ஊத்துது உங்களுக்கு?"

"வெயிலு" என்றாள் அன்பரசி.

சோதனை சுலபமானதுதான். ஒருவர் உள்ளே நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். வெளியே ஒலிமானியை வைத்துக்கொண்டு மற்றவர்கள் நிற்பார்கள். ஒரு சொல்லும் வெளியே வராவிட்டால் அறை தேறியது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும் வரை சோதனை நடக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் படித்து முடித்ததும் விளக்கை அணைத்து, கைப்பிடியைத் திருப்பித் தானே கதவைத் திறந்துகொண்டு வரலாம்.

"நான் உள்ள போறேன் சார்" என்றாள் அன்பரசி, அவசரமாக.

"கட்டினவங்களே எப்படிம்மா டெஸ்ட் பண்றது? பொறுப்பாளர்தான் போகணும்." மாதவராஜ் யுவராணியிடம் திரும்பினார். "முதல்ல பூட்டுக்கு நம்பர் செட் பண்ணுங்க. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியணும். எனக்கும் தெரியக்கூடாது."

மற்ற இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். பூட்டின் பொத்தான்கள் கீ கீயென்று அழுந்தும் சத்தம் கேட்டது. இனி வெளியிலிருந்து இந்தக் கதவைத் திறக்க யுவராணி ஒருத்தியால்தான் முடியும். இப்போது சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள் அன்பரசி. சொன்னால் ஜெயில்கூட வரலாம். அது கிடக்கட்டும் கழுதை. அந்த அடையாள அட்டையை இவள் கழுத்திலிருந்து கழற்றச் சொல்வார்களே, அதை எப்படிக் கண்ணால் பார்ப்பது?

"யுவா, மூச்சு முட்டுனா ஒடனே வந்துடு. முடிக்கணும்னு இல்ல. கேட்டியா? மூலைப்பக்கம் போகாத."

"ஐயோ அண்ணி, கொஞ்ச நேரந்தானே! என்னமோ கடலுக்கு அனுப்புற மாதிரி."

செய்தித்தாளை விரித்துக்கொண்டு உள்ளே போனாள். கனமான கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

மாதவராஜ் ஒலிமானியைச் சுவரோரம் வைத்துவிட்டு உதட்டில் விரலை வைத்தார். வெளியே யாரும் பேசக்கூடாது, பேசினால் கருவியில் ஏறிவிடும், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். தாழ்வாரத்தில் இரண்டே பேர். சன்னல் வழியாக வெயில் தரையில் கட்டமாக விழுந்து கிடந்தது. எங்கோ ரோட்டில் பஸ் ஒன்று கியர் மாற்றிப் போயிற்று. சுவரிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஒன்றும் வரவில்லை. இத்தனை நாள் அவள் தவம் கிடந்தது இந்த அமைதிக்குத்தான். இன்று அதையே அவளால் தாங்க முடியவில்லை. சிரிக்கிறாளா, படிக்கிறாளா, கத்துகிறாளா? கத்தினாலும் இப்படித்தான் இருக்கும். கதவை உடைக்கிறாற்போல அடித்தாலும் இப்படித்தான் இருக்கும். கடவுளே, ஒரு சின்ன ஓட்டை வைத்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு இடத்தில் வெல்டிங் சரியில்லாமல் போயிருக்கக் கூடாதா?

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் சில்லென்றிருந்தது. வெயில் படுகிற சுவர். கைக்கடியில் அது மெதுவாக, ரொம்ப மெதுவாக உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது.

இந்தத் தடவை அடங்கவில்லை. இழுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டாற்போல நின்றது.

"சார்." அவள் குரல் தாழ்வாரமெங்கும் கிறீச்சிட்டது. "சார், கீழ கெணறு இருக்கு. நான்தான் மறைச்சேன். கொழாய அறுத்து கான்கிரீட் ஊத்திட்டேன். அவள வெளிய வரச் சொல்லுங்க. எப்படியாச்சும் வெளிய வரச் சொல்லுங்க சார்!"

மாதவராஜ் ஒலிமானியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கருவியைக் கையில் எடுத்து, நிதானமாக அணைத்தார்.

"இன்னைக்கு சாயங்காலம் ரூம் ரெடின்னு மேல சொல்லியாச்சு" என்றார், தணிந்த குரலில். "உள்ள இருந்து சத்தம் வரலை. எனக்கு அது போதும். நீங்க இப்ப சொன்னது என் காதுல விழலை. புரியுதா? நீங்க சொல்லவே இல்லை."

விளக்கு அணைந்தது. கைப்பிடி திரும்பியது.

யுவராணி வெளியே வந்தாள். புன்னகை. கையில் மடித்த செய்தித்தாள். ஒன்றும் ஆகவில்லை. அன்பரசி சுவரில் சாய்ந்துவிட்டாள். ஐயோ சாமி, ஒன்றும் ஆகவில்லை, நானாகத்தான் என்னென்னமோ நினைத்துக்கொண்டேன் என்று அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"சத்தமாப் படிச்சீங்களா?" என்று கேட்டார் மாதவராஜ்.

யுவராணி தலையாட்டினாள்.

"ஒரு வார்த்தை வெளிய வரலை. பிரமாதம்." அவர் செல்போன் பெட்டியைத் தேடிக்கொண்டு வாசல் பக்கம் போனார். சற்று நேரத்தில் "எஸ் சார், பாஸ் சார்" என்ற குரல் வெளியிலிருந்து வந்தது.

அன்பரசி யுவராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது. ஏசியில் இருந்தவள், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பிறகுதான் நினைவு வந்தது.

ஏசியை அன்பரசியே தன் கையால் அணைத்திருந்தாள்.

"யுவா, பேசுடி. ஏதாச்சும் பேசு."

யுவராணி வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. சத்தம் இல்லை. அதே புன்னகை. இமை கொட்டவில்லை. புதுச் சுடிதாரின் மேல் அடையாள அட்டை அசையாமல் கிடந்தது. நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

அப்போது, திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து கேட்டது.

"...சித்தேரி மலைப் பகுதியில் லேசான மழைக்கு வாய்ப்பு உள்ளதாக..." யுவராணியின் குரல். தெளிவாக, சத்தமாக, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல. ஆளில்லாத அறை. கறுத்த மூலை. கார்ப்பெட்டுக்கு அடியில், தகட்டுக்கு அடியில், வெகு கீழே. "...லேசான மழைக்கு..." குரல் திக்கியது. நின்றது. இருமியது.

"அண்ணி? அண்ணி, விளக்கு போயிருச்சு. கைப்பிடி எங்கண்ணி இருக்கு? நான் இன்னும் உள்ளதான் இருக்கேன். அண்ணி, அங்க யாரு கூட பேசுறீங்க?"

அன்பரசி உள்ளே ஓடப் பார்த்தாள். சில்லென்ற கை அவள் மணிக்கட்டை விடவில்லை. இன்னொரு கையால், கதவுக்கு வலிக்குமோ என்பதுபோல மெதுவாக, அவள் முன்னால் நின்ற அது, அந்தக் கனமான கதவைத் தள்ளி மூடியது. "அண்ணீ" என்று எழும்பிய கூச்சல் பாதியிலேயே அறுந்தது. பூட்டு விழுந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

அன்பரசி பூட்டின் பொத்தான்களைப் பார்த்தாள். நம்பர் தெரிந்தவள் உள்ளே இருந்தாள்.

அவள் பையில் இன்னொரு டிஷ்யூ துண்டு மிச்சம் இருந்தது. அதை எடுத்து, எதிரே புன்னகைத்துக்கொண்டிருந்த முகத்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள். வெயில் கட்டத்துக்குள் காகிதம் தொங்கியது.

ஆடவில்லை.

அந்த முகம் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, உதட்டில் ஒரு விரலை வைத்தது.